பழைய கருவியும் மெய்க்குரலும்: வாண்டா லண்டோவ்ஸ்கா அம்மையாரின் இசைப்பணி குறித்த ஒரு விளக்கம்

முட்டுக்காட்டில், உப்பங்கழிக்கு அண்மையில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி தக்ஷிணசித்ரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1996 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிபட இருந்த பழைய வீடுகள் தூண் தூணாகவும் ஓடு ஓடாகவும் பிரிக்கப்பெற்று, இங்குக் கொணரப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடும், நெசவாளர் வீடும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

சில காலத்திற்கு முன்பு நம் மாணவர்கள் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டு மாணவர் ஒருவர், "ஐயா, இங்கே அடுப்பு இருக்கிறது, நெருப்பு இல்லை. திண்ணை இருக்கிறது, அதில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. இது வீடுதானா?" என்று வினவினார். அருகில் நின்ற மற்றொருவர், "இங்கே கொண்டுவராதிருந்தால் இந்தத் தூண்கள் எப்போதோ விறகாகியிருக்குமே" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. நாம் உடனே விடை கூறவில்லை. திரும்பி வரும் வழியில், இதே வினாவை ஒலியின் உலகில் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட ஒரு பெண்மணியின் நினைவு நமக்கு வந்தது. அவர் பணியைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருமறையை விளக்கவும் திருச்சபையின் பாட்டை வழிநடத்தவும் அழைக்கப்பட்ட நமக்கு இதில் கற்கத்தக்கவை பல உள.

1. கருவி மாறினால் குரல் மாறும்

பியானோ என்ற பெயரைக் கேட்டவுடன் நாம் எண்ணுவது, 88 கட்டைகளுடன் கரிய மெருகு பூசி நிற்கும் பெருங்கருவியையே. பாக், ஹாண்டல், மோட்சார்ட், பீத்தோவன் ஆகிய அனைவரும் அதன்முன் அமர்ந்தே இசையமைத்தனர் என எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று.

கட்டைகளை அழுத்தித் தந்திகளை ஒலிக்கச் செய்யும் கருவிகள் பலவகைப்படும். அவற்றுள் ஹார்ப்சிகார்ட் என்பதில், கட்டையை அழுத்தியதும் ஒரு மரத்துண்டு மேலெழும். அதில் பொருத்தப்பட்டுள்ள பறவையிறகின் தண்டு தந்தியை மீட்டிச் செல்லும். வீணையை விரலால் மீட்டுவது போன்ற செயலை இயந்திர அமைப்பொன்று செய்கிறது எனலாம். விரலை மெல்ல வைத்தாலும் வலிந்து வைத்தாலும் ஓசையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, வாசிப்பவர் உணர்ச்சியைக் காட்டவேண்டுமெனில் காலத்தைச் சற்றே நீட்டியும் சுருக்கியும், ஒரு சுரத்தை அடுத்ததிலிருந்து பிரித்தும் இணைத்துமே காட்ட வேண்டும்.

கிளாவிகார்ட் என்னும் சிறு கருவியோ வேறு தன்மையது. இதில் சிறு பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டபடியே நிற்கும். விரல் கட்டையின்மேல் இருக்கும்வரை வாசிப்பவர்க்கும் தந்திக்கும் தொடர்பு அறுவதில்லை. விரலை அசைத்தால் சுரமும் அசையும். நம் நாட்டார் கமகம் என்பதன் ஒரு சாயலை மேனாட்டுக் கட்டைக் கருவிகளுள் இது ஒன்றிலேயே காணலாம். ஆனால் இதன் ஓசை மிக மெல்லியது. ஓர் அறைக்குள் நாலைந்து பேர் அமைதியாயிருந்தாலன்றிக் கேளாது.

பிளாரன்சு நகரில் மெதிச்சி குடும்பத்தாரின் கருவிகளைப் பராமரித்துவந்த பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர், மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் புதுக் கருவியொன்றைச் செய்திருந்தார் என்பது 1700 ஆம் ஆண்டுப் பட்டியலொன்றால் அறியவருகிறது. இதில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். பியானோவின் பிறப்பு இதுவே. அவர் கையால் செய்த பியானோக்களுள் மூன்று, 1720, 1722, 1726 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, நியூயார்க்கிலும் ரோமிலும் லைப்சிக்கிலும் இன்றும் உள்ளன. மோட்சார்ட் வைத்திருந்த வால்ட்டர் பியானோவுக்கு ஐந்து ஸ்தாயி அளவே உண்டு. அதன் சட்டம் மரத்தாலானது. சுத்தியலின் தலை தோல் போர்த்தியது. வார்ப்பிரும்புச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதன்பின் தந்திகள் தடித்தன. அவற்றின் இழுவிசை பன்மடங்காயிற்று. பேரரங்குகளை நிறைக்கும் ஓசை பிறந்தது.

பியானோ வளர்ந்தபோது ஹார்ப்சிகார்ட் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பெரும்பாலும் பரணிலும் அருங்காட்சியகத்திலும் கிடந்தது. பாக்கின் இசையை மக்கள் மறக்கவில்லை. ஆனால் அவர் அறியாத கருவியில், அவர் அறியாத உரப்பில், அவர் எழுதாத ஏற்ற இறக்கங்களோடு அதைக் கேட்டனர். கேட்டவர் அதையே பாக் என்று நம்பினர்.

2. லண்டோவ்ஸ்காவின் பணி

வாண்டா லண்டோவ்ஸ்கா 1879 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் வார்சாவில் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் பன்மொழி கற்றவர். நான்காம் வயதில் பியானோ பயிலத் தொடங்கி, வார்சா இசைக்கல்லூரியில் தேர்ந்து, பின்னர் பெர்லினில் இசையாக்கம் கற்றார். 1900 இல் பாரிசுக்குச் சென்று, நாட்டுப்புற வழக்காறுகளில் ஈடுபாடு கொண்ட ஹென்றி லேவ் என்பவரை மணந்தார். அந்நாளில் அவர் சிறந்த பியானோக் கலைஞராக அறியப்பட்டவர். அவ்வழியே சென்றிருப்பின் புகழும் பொருளும் தாமாக வந்திருக்கும்.

பாரிசில் பழைய இசை குறித்த ஆராய்ச்சி அப்பொழுது தளிர்விட்டிருந்தது. 1889 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியிலேயே புதிதாகச் செய்த ஹார்ப்சிகார்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பார் பழங்கருவிகளைப் பழுதுபார்த்தும் புதிதாகச் செய்தும் வந்தார். எனினும் அறிஞர் பலர்க்கு இவை வேடிக்கைப் பொருள்களாகவே தோன்றின. லண்டோவ்ஸ்கா நூலகங்களில் பழைய சுவடிகளைத் தேடினார். அருங்காட்சியகங்களில் கருவிகளைத் தொட்டு ஆராய்ந்தார். 1903 இல் முதன்முறையாகப் பொதுமேடையில் ஹார்ப்சிகார்ட் வாசித்தார். 1909 இல் பழைய இசை பற்றித் தம் நூலை வெளியிட்டார். ருசியாவில் தோல்ஸ்தோயின் இல்லத்திற்குச் சென்று அவருக்கு வாசித்துக் காட்டினார்.

அவருக்கென்றே பிளேயெல் நிறுவனத்தார் ஒரு பெரிய ஹார்ப்சிகார்டைச் செய்தனர். அது 1912 இல் பிரெஸ்லாவு நகரில் நடைபெற்ற பாக் விழாவில் அரங்கேறியது. 1913 இல் பெர்லின் இசைக்கல்லூரி அவருக்கென ஹார்ப்சிகார்ட் வகுப்பொன்றை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. கணவரும் மனைவியும் பகை நாட்டினராகக் கருதப்பட்டுப் பெர்லினிலேயே காவலுக்குட்பட்டு வாழ நேரிட்டது. போர் முடிந்து ஊர் திரும்பும் காலத்தில், 1919 இல், கணவர் ஊர்தி விபத்தில் இறந்தார். நாற்பதாம் வயதில் அம்மையார் வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியவரானார்.

1923 இல் அமெரிக்காவில் அவர் முதன்முறையாக வாசித்தபோது, தம்முடன் நான்கு பெரிய ஹார்ப்சிகார்டுகளைக் கப்பலில் கொண்டுசென்றார். 1925 இல் பாரிசுக்கு அருகே செயின்ட் லூ லா ஃபோரே என்னுமிடத்தில் பழைய இசைக்கான பள்ளியை நிறுவினார். தோட்டத்தில் ஒரு சிறு அரங்கமும் எழுந்தது. பல நாட்டு மாணவர் அங்கு வந்து தங்கிப் பயின்றனர். அக்காலத்து இசையமைப்பாளரான மானுவேல் தெ ஃபாயாவும் பிரான்சிஸ் புலேங்க்கும் அவர் வாசிப்பதற்கென்றே புதிய படைப்புகளை இயற்றினர். செத்த கருவி எனப்பட்டதற்குப் புதுப் பாடல்கள் பிறந்தது கவனிக்கத்தக்கது. 1933 இல், பாக் 1741 இல் இரட்டைக் கட்டை வரிசையுள்ள ஹார்ப்சிகார்டுக்கென்றே வெளியிட்ட கோல்ட்பெர்க் மாறுபாடுகள் முழுவதையும் அவ்வரங்கில் வாசித்தார்; அவ்வாண்டே அதனை இசைத்தட்டிலும் பதிவுசெய்தார்.

1940 இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியது. யூத வழிவந்தவராதலின் அவர் உயிர் தப்பித் தெற்கே ஓட நேர்ந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் சுவடிகளையும் கருவிகளையும் நாசிகளின் கொள்ளைப்படை பெட்டி பெட்டியாக அள்ளிச் சென்றது. 1941 டிசம்பர் 7 ஆம் நாள், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அன்றே, அறுபத்திரண்டு வயதினராய் நியூயார்க்கில் வந்திறங்கினார். மூன்று மாதம் நிறைவதற்குள் அந்நகரில் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை வாசித்தார். எழுபதாம் வயதையொட்டிப் பாக்கின் முன்னிசையும் ஃபியூகும் அடங்கிய 48 இணைகளையும் பதிவுசெய்யத் தொடங்கி, 1954 இல் முடித்தார். 1959 ஆகஸ்டு 16 ஆம் நாள் கனெக்டிகட்டு மாநிலத்தில் லேக்வில் என்னும் ஊரில் காலமானார்.

3. ஓர் இறையியலாரின் சாட்சியம்

லண்டோவ்ஸ்காவின் வாசிப்பைத் தொடக்க நாள்களிலேயே உணர்ந்து போற்றியவருள் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர்; ஆல்பர்ட் சுவைட்சர் அவர்களே. பாக் பற்றிய தமது பெருநூலின் 1908 ஆம் ஆண்டு ஜெர்மானியப் பதிப்பில், இந்த அம்மையார் இத்தாலியக் கன்சர்ட்டோவை ஹார்ப்சிகார்டில் வாசிக்கக் கேட்டவருக்கு அதனை இக்காலப் பியானோவில் வாசிப்பது எங்ஙனம் இயலும் என்றே விளங்காது எனும் கருத்தை அவர் எழுதியுள்ளார்.

சுவைட்சரின் வாழ்வில் 1906 ஆம் ஆண்டைக் கூர்ந்து நோக்குவது பயனுடையது. அவ்வாண்டில் அவர் இரண்டு நூல்களை வெளியிட்டார். ஒன்று, இறையியல் மாணவர் எவரும் கல்லாது விடாத, வரலாற்று இயேசுவைத் தேடிய ஆராய்ச்சிகளின் வரலாறு. மற்றொன்று, ஜெர்மானிய, பிரஞ்சு ஆர்கன்களின் அமைப்பை ஒப்பிட்ட சிறு நூல். ஆலைகளில் செய்யப்பட்டு வந்த புது ஆர்கன்கள் உரத்து முழங்கினவேயன்றிப் பாக்கின் இழைகளைத் தனித்தனியே கேட்கவிடவில்லை என்றும், பழைய ஆர்கன்களைப் பெயர்த்தெறிவது அறிவின்மை என்றும் அதில் அவர் வாதாடினார். ஸ்த்ராஸ்பூர்க்கில் புனித தோமா ஆலயத்திலிருந்த சில்பர்மான் ஆர்கனைக் காப்பதற்காக அவர் உழைத்தது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆப்பிரிக்காவில் லம்பரேனேக்குச் சென்றபோதும், பாரிசு பாக் சங்கத்தார் அளித்த, ஆர்கன் போன்ற மிதிகட்டைகளோடு கூடிய பியானோ அவரோடு சென்றது. ஈரக்காற்றுக்கும் கறையானுக்கும் தப்புமாறு அதன் உட்புறம் துத்தநாகத் தகடு வேயப்பட்டிருந்தது.

இவ்விரு நூல்களும் ஒரே மனிதரின் ஒரே ஆண்டு உழைப்பு என்பது தற்செயலன்று. முதல் நூலில் அவர் காட்டியது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் வரலாற்று இயேசுவைத் தேடிச் சென்று, தம் காலத்தின் ஒழுக்க ஆசிரியர் ஒருவரையே கண்டு திரும்பினர் என்பதே. அவர்கள் பொய்யர் அல்லர், உண்மையாய்த் தேடினர். ஆனால் தேடியவரின் சாயல் தேடப்பட்டவர்மேல் படிந்துவிட்டது. இந்த எச்சரிக்கையை மனத்திற்கொண்டு, லண்டோவ்ஸ்காவின் கருவியை இனி நோக்குவோம்.

4. மீட்டவரும் திருத்தப்பட்டார்

பிளேயெல் நிறுவனம் அம்மையாருக்குச் செய்தளித்த ஹார்ப்சிகார்ட், பழைய ஹார்ப்சிகார்டின் நகல் அன்று. பியானோ செய்து பழகிய கைகள் அதைச் செய்தன. இரும்புச் சட்டம், தடித்த தந்திகள், ஏழு மிதிகட்டைகள், இறகுக்குப் பதிலாகக் கெட்டித் தோல், அடித்தளத்தில் ஆழ்ந்து ஒலிக்கும் கூடுதல் தந்தி வரிசை ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. பேரரங்கில் கேட்கவேண்டும், கடற்பயணத்தைத் தாங்கவேண்டும் என்ற தேவைகளே அதற்கு உருக்கொடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டை மீட்க எழுந்தவர் இருபதாம் நூற்றாண்டின் கருவியிலேயே வாசித்தார்.

அடுத்த தலைமுறையார் இதனைக் கண்டுகொண்டனர். அமெரிக்காவில் ஃபிராங்க் ஹப்பர்டும் வில்லியம் டவுடும் 1949 இல் பட்டறையொன்றைத் தொடங்கி, பழைய கருவிகளை அளந்து, மரத்தின் கனத்தையும் தந்தியின் பருமனையும் அப்படியே பின்பற்றிச் செய்யலாயினர். நெதர்லாந்தைச் சேர்ந்த குஸ்டாவ் லியோன்ஹார்ட் (1928–2012) அத்தகு கருவிகளில் வாசித்து, அலங்காரமற்ற, பேச்சைப் போன்ற ஒரு நடையை உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாமில் அவர்பால் பயின்றோர் உலகெங்கும் பரவினர். 1971 இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், அவரும் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட்டும் பகிர்ந்துகொண்டு, பாக்கின் திருச்சபைக் கண்டாட்டாக்கள் அனைத்தையும் பழைய கருவிகளைக்கொண்டு பதிவுசெய்து முடித்தனர். இதே நெறியை மோட்சார்ட் காலத்துப் பியானோவுக்குக் கொண்டுசென்றவருள் அமெரிக்கரான மால்கம் பில்சனும் வியன்னாவின் பால் படுரா ஸ்கோடாவும் குறிப்பிடத்தக்கவர்.

இவர்கள் லண்டோவ்ஸ்காவின் கருவியை ஒதுக்கினர். எனினும் அவர் திறந்த வாயிலின் வழியேதான் உள்ளே வந்தனர். அவர் இல்லையெனில், அவரைத் திருத்தும் நிலையும் தோன்றியிராது. மூத்தோரின் பணியை மதித்தலும் திருத்துதலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. இன்று நாம் செம்மையானது எனக் கொள்ளும் நகல்களிலும் நம் காலத்தின் சாயல் எங்கோ ஒளிந்திருக்கும். நம்மைத் தொடர்வோர் அதைக் காண்பர். விளக்கவுரை எழுதும் ஒவ்வொருவரும் இதை மேசைமேல் எழுதிவைத்துக் கொள்ளலாம்.

5. இப்பணியின் அன்றாடம்

பழங்கட்டைக் கருவிகளில் சிறப்புப் பயிற்சி பெற்றவரின் வாழ்க்கை மேடைப் புகழால் மட்டும் நடைபெறுவதன்று. பியானோக் கலைஞர் அரங்கில் இருக்கும் பியானோவில் வாசித்துவிட்டுச் செல்வார். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரோ, பெரும்பாலும் தம் கருவியைத் தாமே வண்டியிலேற்றிக் கொண்டுசெல்வார், கச்சேரிக்கு முன்னும் இடைவேளையிலும் தாமே சுருதி சேர்ப்பார், அறுந்த தந்தியை மாற்றுவார், இறகைச் சீவுவார். வீணை வித்துவானும் மிருதங்க வித்துவானும் தம் கருவியைத் தாமே பேணுவதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிக்காது.

இவர்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. அக்காலச் சுவடிகளில் பல பாடல்களுக்கு அடிச்சுரமும் அதன்கீழ் எண்களும் மட்டுமே இருக்கும். அவ்வெண்களைக் கண்டு, பாடுவோரின் மூச்சறிந்து, இடையிலுள்ள இசையை வாசிப்பவர் அப்போதைக்கப்போதே நிரப்ப வேண்டும். தம்மை முன்னிறுத்தாமல் பிறர் பாட்டைத் தாங்கும் பணி இது. இக்கலைஞரில் பலருடைய வாழ்நாளின் பெரும்பகுதி இதிலும் கற்பித்தலிலுமே கழிகிறது. 1933 இல் பேசல் நகரில் நிறுவப்பட்ட ஸ்கோலா கண்டோரும் முதலிய கல்விக்கூடங்கள் இதற்கெனவே உள்ளன. 2018 இல் வார்சாவில், ஷோப்பேன் காலத்துப் பியானோக்களைக் கொண்டே ஒரு பன்னாட்டுப் போட்டி முதன்முறையாக நடத்தப்பெற்றது. லண்டோவ்ஸ்கா பிறந்த நகரிலேயே அது நிகழ்ந்தது பொருத்தமே.

6. நம் நாட்டில்

இவையாவும் மேனாட்டாரின் செய்தி என ஒதுக்குதல் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹார்ப்சிகார்டுகள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. 1789 இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் இந்துஸ்தானிப் பாட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப எழுதித் தொகுத்து அச்சிட்டார். கமகமும் சுருதி நுட்பமும் அதில் அடங்கவில்லை. இந்தியப் பாட்டு ஐரோப்பிய உடையணிந்து நின்றது. ஆங்கில ஹார்ப்சிகார்ட் கலைஞரான ஜேன் சாப்மன் அத்தொகுப்பை ஆராய்ந்து, பழைய ஹார்ப்சிகார்டில் வாசித்து, 2015 இல் பதிவாக வெளியிட்டார். இரு நாகரிகங்கள் ஒன்றையொன்று எவ்வளவு கேட்டன, எவ்வளவு கேளாது விட்டன என்பதை அப்பதிவால் நாம் அறியலாம்.

அடுத்த நூற்றாண்டில் வந்த ஆர்மோனியம் நம்மவரின் கருவியாகவே ஆகிவிட்டது. பாரிசில் பிறந்த காற்றுக்கருவி, கல்கத்தாவில் கையால் துருத்தி ஊதும் சிறு பெட்டியாக மாறி, நாடக மேடைக்கும் பஜனைக்கும் ஆலயத்துக்கும் வந்தது. அதன் பன்னிரு நிலைத்த சுரங்களில் நம் இராகங்கள் அடங்கா என்ற குறையால் அகில இந்திய வானொலி 1940 முதல் அதனை விலக்கிவைத்தது. அவ்விலக்கு 1971 இல்தான் தளர்ந்தது. தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், தமிழர் இசையில் சுருதிகள் எத்தனை என்பதையே பெருவினாவாக்கி ஆராய்ந்தார். 1916 இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். பழைய நூலைக் கற்றால் மட்டும் போதாது, அதனைக் காதால் சோதிக்க வேண்டும் என்பது அவர் நெறி.

லண்டோவ்ஸ்காவின் முயற்சிக்கு நம்மிடையே நெருங்கிய இணையாக விபுலாநந்த அடிகளைக் கூறலாம். மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவர், வழக்கிழந்து ஒலியும் மறந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து கணக்கிட்டு மீட்க முயன்றார். பல ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஹார்ப்சிகார்டுக்கோ பழைய உருப்படிகள் எஞ்சியிருந்தன. யாழுக்குச் சொற்களும் சிற்பங்களுமே எஞ்சின. அண்மைக் காலத்தில் சென்னையில் இளங்கலைஞர்கள் யாழை மரத்தில் மீண்டும் செய்து வாசிக்கத் தொடங்கியுள்ளமை நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

7. நம் பங்கு

இறுதியாக, நம்மைப் பற்றிய ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் கடமை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கடலோரச் சபையொன்றில் நாம் ஆயராயிருந்தபோது, அவ்வாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. உப்புக்காற்றால் கட்டைகள் சில ஒட்டிக்கொள்ளும். துருத்தித் துணியை எலி கடித்திருந்தது. மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு வாங்கலாம் என்று குழுவில் பேசப்பட்டது. பழுதுபார்க்க எவரையேனும் விசாரிக்கலாமே என்று ஒருவர் கூறினார். நாம் விசாரிக்கவில்லை. ஒரே கூட்டத்தில் தீர்மானமாயிற்று, கையொப்பமிட்டவர் நாமே. பழைய சாமான் வாங்குபவர் மரத்தைத் தனியாகவும் பித்தளையைத் தனியாகவும் எடைபோட்டு எடுத்துச் சென்றார். பல்லாண்டுகளாக அதனை வாசித்துவந்த மூத்த அம்மையார் ஒரு சொல்லும் கூறவில்லை. வண்டியில் ஏற்றுமுன் சேலைத் தலைப்பால் கட்டைகளை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே சென்றார்.

புதுக் கருவி நன்றாகவே ஒலித்தது. ஆனால் சில மாதங்களில் ஒன்றை உணர்ந்தோம். பழைய கருவிக்கு மூச்சு உண்டு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அந்த அம்மையார் கையைத் தூக்கும்போது துருத்தி தளர்ந்து ஓசை தானே தணியும். சபையார் அனைவரும் அவ்விடத்தில் ஒன்றாய் மூச்சு வாங்குவர். புதுக் கருவிக்கு மூச்சு வாங்கவேண்டிய தேவை இல்லை. அடியிலிருந்து அடிக்கு அது ஓடியது. முதியோர் பின்தங்கினர், பின்னர்ப் பாடாமலே நின்றனர். பாமாலைப் பாட்டைச் சபை பாடிய காலம் போய், பாடகர் குழு பாடச் சபை கேட்கும் காலம் வந்தது. ஒரு பெட்டியை விற்றதாகவே நாம் எண்ணியிருந்தோம். ஒரு சபை மூச்சுவிடும் முறையும் அதனோடு போயிற்று என்பது பிறகே விளங்கிற்று.

ஆகவே, ஊழியத்திற்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு மூன்று கருத்துகளைக் கூற விரும்புகிறோம். முதலாவது, பழையது ஒன்றை அகற்றுமுன் அது என்ன செய்துவந்தது என்பதை அதைக் கையாண்டவரிடம் கேட்டறிக. இரண்டாவது, பழையதை மீட்கும்போது நம் காலத்தின் இரும்புச் சட்டம் அதனுள் புகுந்திருக்கக்கூடும் என்பதை மறவாதிருக்க. மூன்றாவது, மீட்டதைப் பெட்டியில் பூட்டி வையாமல் வாசிக்க. ஒரு பழைய நூல் எழுதப்பட்ட மொழியையும் காலத்தையும் கற்கும் உழைப்பு, அந்நூலை இன்று வாய்விட்டு வாசிப்பதற்காகவே.

முட்டுக்காட்டில் அந்த மாணவர் கேட்ட வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம் என எண்ணுகிறோம். நெருப்பில்லாத அடுப்பு வீடாகாது என்றது சரியே. ஆனால் அடுப்பு எங்கே இருந்தது, எத்திசை நோக்கி இருந்தது, புகை எவ்வழியே போயிற்று என்பதையெல்லாம் காத்து வைத்தவர் இருந்தால்தான், நெருப்பேற்ற வருபவருக்கு இடம் தெரியும். லண்டோவ்ஸ்கா அம்மையார் காத்து வைத்ததோடு நில்லாமல் நெருப்பும் ஏற்றினார். அவர் ஏற்றிய விறகு பழைய விறகன்று என்று பின்வந்தோர் கண்டனர். கண்டது அவர் ஏற்றிய வெளிச்சத்திலேயாம்.